வளையும் ஈட்டி

எறிகோல் செய்ய எனக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். அதில் வைத்து எறிகிற ஈட்டிக்கு மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். இந்தக் கணக்கு புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

எறிகோல் என்பது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான கட்டை. ஒரு முனையில் பிடி. மறுமுனையில் சுண்டுவிரல் நுனியளவு முளை. ஈட்டி மெல்லியது, ஆளுயரத்துக்கும் மேல் நீளம். அதன் வாலில் இருக்கும் குழியை முளையில் மாட்டி, ஓர் எட்டு முன்வைத்து வீசி, கடைசியில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும். கை இன்னொரு முழம் வளர்ந்த மாதிரி. அந்த நுனியின் வேகம் முழுக்க ஈட்டிக்குப் போகிறது. மெக்சிகோவின் நாவாட் மொழியில் இதற்கு அட்லாட்டில் என்று பெயர். நாங்கள் கனடாவிலும் அப்படியேதான் சொல்கிறோம்.

முதல் வருடம் கட்டையை மட்டும் இழைத்து இழைத்து அழகு பார்த்தேன். ஈட்டிக்குக் கடையில் வாங்கிய ஓக் கம்பு, கட்டைவிரல் தடிப்பு, நூல் பிடித்த மாதிரி நேர். எறிந்தால் வால் எகிறும், மூக்கு மண்ணில் குத்தும். நாங்கள் எறிந்து பழகும் பண்ணைக்கு வருகிற ஒரு பெரியவர் அதை வாங்கி, கூர்முனையைத் தரையில் ஊன்றி, வாலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அசையவில்லை. தன் ஈட்டியை அதேபோல் ஊன்றி அழுத்தினார். வில் மாதிரி வளைந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை என் கையில் கொடுத்தார். எறிந்தேன். தண்ணீரில் பாம்பு போவதுபோல் நெளிந்துகொண்டே போய்க் குறியில் நின்றது.

கை வீசும்போது முளை நேர்கோட்டில் போவதில்லை, மேலெழும்பி இறங்குகிறது. விறைத்த ஈட்டியில் வால் போகும் பக்கமெல்லாம் தலை ஆடும். வளைகிற ஈட்டியில் அந்த ஏற்ற இறக்கத்தை உடம்பு வாங்கிக்கொள்ளும், தலை குறியை விடாது.

இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க விற்கிற மூங்கில்தான் என் ஈட்டி. கடையில் இருபதைப் புரட்டினால் இரண்டு தேறும். எடை பார்க்கும் மெஷின் மேல் நுனியை வைத்து அழுத்துவேன். மூன்று கிலோவில் வளையத் தொடங்கினால் என் கைக்குச் சரி. அப்புறம் தணல். கணுவுக்குக் கணு காட்டி, நிறுத்தாமல் உருட்ட வேண்டும். பச்சை வாசனை போய் வறுத்த வாசனை வரும்போது மேல்தோல் மினுங்கும். அதுதான் பதம். முழங்காலில் வைத்து மெல்ல எதிர்ப்பக்கம் அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுவில் ‘டிக்’கென்று சத்தம் கேட்கும், பிறகு அது தக்காளிக்குத்தான்.

அருங்காட்சியகங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது எறிகோலின் கொம்பும் முளையும். பிரான்சின் மாஸ் தஜில் குகையில் 1940-இல் கிடைத்த ஒன்றில், ஒரு விலங்குக் குட்டி திரும்பிப் பார்க்கிறது. அதன் பின்புறம் உட்கார்ந்த பறவையின் வாலே முளை. பனியுக வேட்டைக்காரரின் கை வேலை. அதில் மாட்டிய ஈட்டி என்றோ மட்கிப்போயிற்று.

அதனால்தான் கனடாவின் யூகான் பனி எனக்கு இவ்வளவு முக்கியம். கோடையில் பூச்சித் தொல்லை தாங்காமல் காரிபு மான்கள் மலைப் பனித்திட்டுகளில் ஏறி நிற்கும். வேட்டைக்காரர் எறிந்து தவறிய ஈட்டிகள் பனிக்குள் புதைந்தன. 1997-இல், சாம்பேன்-ஐஷிஹிக் முதற்குடியினரின் நிலத்தில், உருகும் பனியோரம் ஓர் ஈட்டித் துண்டு கிடைத்தது. வயது 4,000 ஆண்டுக்கு மேல். பிறகு நிறையக் கிடைத்தன. சிலவற்றில் இறகும், அதைக் கட்டிய விலங்கு நாரும்கூட இருந்தன. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே வில் வந்து ஈட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தண்டுகளின் படங்களை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், சீவிய தடம் தேடி. பனி உருகுவதால் கிடைக்கிறது என்பது மட்டும் மனதை அரிக்கிறது.

எங்கள் போட்டியில் 15 மீட்டரில் ஐந்து எறி, 20 மீட்டரில் ஐந்து எறி. அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நேற்று முழுக்க மழை. நான்காம் கணுவில் எடுத்த நெளிவு திரும்ப வந்திருக்கிறது. தணல் மூட்ட வேண்டும்.