பிள்ளையார்பாளையத்தில் ஒரு பகல்

மகளுக்குக் கூறைப்புடவை எடுக்கப் போன மாதம் காஞ்சிபுரம் போயிருந்தேன். கடையில் எடுப்பதைவிடத் தறியிலேயே பார்த்துச் சொல்லி நெய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. காமாட்சியம்மன் தரிசனத்தை முடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பிள்ளையார்பாளையம் போய் இறங்கினேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

தெரிந்தவர்கள் சொல்லியனுப்பிய வீடு அது. குழித்தறியில் வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. கோர்வைக் கரை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா. ஒற்றை ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இங்கே அவர் மனைவிதான் அந்த இன்னொருவர்.

தறிக்கு நாலடி தள்ளிக் கட்டிலில் ஒரு மூதாட்டி படுத்திருந்தார். காலடியில் பேரன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

“எங்க மாமியாருக்கா. மார்ல புத்து. வெட்கப்பட்டுக்கிட்டு ரெண்டு வருஷம் யாருகிட்டயும் சொல்லலை” என்றாள் அந்தப் பெண்.

நம்மில் எத்தனை பேர் இப்படி! கையில் கட்டி தட்டுப்பட்டும் மறைத்து வைக்கிறோம்.

காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா பிறந்த ஊர். அவரும் புற்றுநோயால்தான் 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனையில்தான் பெரியம்மாவுக்கும் வைத்தியம் நடந்தது. ஆனால் அதற்குள் நோய் எலும்புக்குப் பரவியிருந்தது.

“குணமாக்க முடியாது, ஆனா வலியில்லாம வெச்சுக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே வரலைக்கா. ராத்திரி பூரா அலறுவாங்க. மூணு வாரம் தறி நின்னுபோச்சு. தறி நின்னா எங்களுக்குக் கூலி ஏது?”

பேசிக்கொண்டிருக்கும்போதே பையோடு ஒரு நர்ஸ் வந்தார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருகிறவர். பெரியம்மாவைப் புரட்டி, முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்த்தார். மார்புப் புண்ணைச் சுத்தம் செய்தார். நாற்றம் எடுக்காமலிருக்க, டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். முன்பு அந்த நாற்றத்துக்கு வெட்கப்பட்டே பெரியம்மா பேரனைக் கிட்டே விடமாட்டாராம்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நாலு மணிக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வராமலிருக்கக் கொடுப்பது. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து உண்டு.

“போதை மருந்தாச்சே, பழக்கமாகிவிடாதா?” என்று கேட்டுவிட்டேன்.

“வலிக்காக டாக்டர் சொன்ன அளவுல கொடுத்தா அப்படி ஆகறது அபூர்வம்மா. நாமா கூட்டவோ குறைக்கவோ கூடாது, அவ்வளவுதான்” என்றார் நர்ஸ்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. என் அம்மா கடைசிப் பன்னிரண்டு நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். நாளைக்கு ஐந்து நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் “வீட்டுக்குப் போலாம்டி” என்பாள். அழைத்துப் போனால் கைவிட்டதாக ஆகிவிடும் என்று நாங்கள் பயந்தோம். யாரும் எங்களுக்கு வேறு வழி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வழி இல்லாமலில்லை. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் டாக்டர் 1967-இலேயே இதற்கென்று ஓர் இல்லம் திறந்தார். பம்பாயில் சாந்தி அவேத்னா 1986-இல் வந்தது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய சங்கம் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறையைக் கேரளம் முழுக்கப் பரப்பியது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத புற்றுநோயாளிகளுக்குச் சென்னையில் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இருக்கின்றன. இன்னொன்று கேளுங்கள்: முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவில். 2010-இல் வெளியான முடிவின்படி, அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மாதம் கூடுதலாகவே இருந்தார்கள். வீட்டுக்கு அழைத்து வந்தால் சீக்கிரம் போய்விடுவாள் என்றுதானே நாங்கள் நினைத்தோம்!

நர்ஸ் கிளம்பியதும் தறி மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து குரல்.

“டேய், நூல் அறுந்திருக்கு பாரு. சத்தம் மாறுது.”

குனிந்து பார்த்தார் மகன். கரையில் ஓர் இழை அறுந்துதான் இருந்தது. ஐம்பது வருஷம் தார் சுற்றிய கை, தறிக்குப் பக்கத்தில் நின்ற காது!

என்னைக் கிட்டே கூப்பிட்டார் பெரியம்மா.

“கல்யாணம் எப்போ?”

“தை மாசம், பெரியம்மா.”

நாலு மாதம் இருக்கிறது. அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பொண்ணு செகப்பா, மாநிறமா?”

“மாநிறம்.”

“அப்போ இந்தப் பச்சை வேணாம். எலுமிச்சை உடலுக்கு அரக்குக் கரை போடச் சொல்லு. ஜரிகையைக் கொறைச்சுக்கோ, இல்லாட்டி மணையில உக்காரச்சே குத்தும்” என்றார்.

அப்படியே சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.