யாரைப் பார்த்து வியக்கிறாய்?

தம்பி, ஒருவரைத் தெரிந்துகொள்ள அவருடைய சம்பளத்தையோ படிப்பையோ நான் கேட்பதில்லை. யாரைக் கண்டால் அவர் முகம் மலர்கிறது என்று பார்ப்பேன். கோபத்தை அடக்கு, பயத்தை விடு என்று உனக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைக் கண்டு வியக்க வேண்டும் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அது தானாக வருவது, அதில் கற்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

தொல்காப்பியர் அப்படி விட்டுவிடவில்லை. தம் இலக்கண நூலின் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லும்போது வியப்பையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதியதும் பெரியதும் யாரையும் வாய் பிளக்க வைத்துவிடும். உன் கைப்பேசி நாள் முழுக்கக் காட்டுவது இந்த இரண்டைத்தான். மற்ற இரண்டும் நாமாகத் தேடிப் போனால்தான் கிடைக்கும்.

அடுத்த முறை கல்யாண வீட்டுக்குப் போனால் நாகஸ்வரக்காரர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். வாத்தியத்தில் ஒரு கயிற்றில் நாலைந்து சீவாளிகள் தொங்கும். ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்குவார், ஊதிப் பார்ப்பார், திருப்தி இல்லாமல் அடுத்ததை எடுப்பார். விரல் நீளம்கூட இல்லாத நாணல் துண்டு அது. அது சரியாக அமையாவிட்டால் எவ்வளவு பெரிய வித்வானுக்கும் வாத்தியம் பேசாது. திருவாவடுதுறையில் சீவாளி செய்வதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. நாணலைப் பொறுக்கி எடுத்து, வேகவைத்து, உலர்த்தி, பதம் வரும்வரை காத்திருந்து, நூல் சுற்றிக் கட்டுகிற வேலை. அதே ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். சீவாளி கட்டியவர் பெயரை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. தொல்காப்பியர் சொன்ன சிறுமை இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக வளர்ந்து நிற்பது. நேற்றுவரை நம்மோடு இருந்தவன் இன்று இப்படி ஆகிவிட்டானே என்று திகைக்கிறோமே, அது. கூடப் படித்தவனுக்குப் பெரிய வேலை கிடைத்த செய்தி வந்த அன்று நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அதற்காக நீ வெட்கப்பட வேண்டாம். அரிஸ்டாட்டில் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அவனிடம் இருக்கிறதே என்று வலித்தால் பொறாமை. நம்மிடம் இல்லையே, நாமும் அதற்குத் தகுதியாக வேண்டும் என்று வலித்தால் அது வேறு, அது நல்ல மனிதர்களுக்கு வருவது என்கிறார். இரண்டும் வலிதான். ஒன்று அவனைக் கீழே இழுக்கப் பார்க்கும், மற்றது உன்னை உட்கார வைத்து வேலை வாங்கும்.

அந்த இரண்டாவது வலி எப்படி வேலை வாங்கும் என்பதற்கு, உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையில் ஒரு நாளை உனக்குச் சொல்ல வேண்டும். 1880. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகி முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இவர் படித்ததில்லை. தன் ஆசிரியரும் அதைப் பாடம் சொன்னதில்லை.

அந்த இடத்தில் உன்னையும் என்னையும் வைத்துப் பார். என் ஆசிரியருக்குத் தெரியாததா என்று முறுக்கிக்கொண்டு எழுந்து வந்திருப்போம். அல்லது அவரிடம் படித்ததே வீண் என்று ஆசிரியரைத் தூக்கி எறிந்திருப்போம். ஐயர் இரண்டையும் செய்யவில்லை. மனம் புண்பட்டது உண்மை, அதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பிரதியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சைவ மடத்தில் படித்த அவருக்குச் சமணக் காப்பியத்தில் பல இடங்கள் விளங்கவில்லை. அதே ஊரில் சிந்தாமணியைப் புராணம்போல வாசித்துக் கேட்கிற சமணர் வீடுகள் இருப்பது தெரிந்ததும், அவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அவரே 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அதில் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் பெரியவர்களைக் கண்டு வியக்க மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்று சொல்கிறார். அப்படியானால் வியப்பே கூடாதா என்று நீ கேட்கலாம். நான் படித்தவரை, அவர் விலக்குவது மனிதர்களை உயரம் பார்த்து அடுக்குகிற வியப்பை. மேலதிகாரி முன்னால் வளைந்து நிற்கிறவர்தான் டீ கொண்டுவருகிற பையனிடம் எரிந்து விழுவார்; எத்தனையோ அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் பாடியிருக்கிறார் பூங்குன்றனார். ஆதம் ஸ்மித்தும் 1790-இல், தன் கடைசி வருஷத்தில், அறவுணர்வு பற்றிய நூலின் புதிய பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். பணக்காரரையும் அதிகாரம் படைத்தவரையும் வியந்து ஏழையைத் துச்சமாக நினைக்கும் பழக்கமே நம் அறவுணர்வைப் பெரிதும் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. பொருளாதாரத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் சொன்னது இது.

ஆகவே யாரையாவது பிடித்துப்போனால் அவரிடம் எது பிடித்தது என்று உன்னையே கேள். அவருடைய காரா, அவருடைய பொறுமையா? காரைக் கண்டு வியந்தால் ஏக்கம் மிஞ்சும். பொறுமையைக் கண்டு வியந்தால் நாளைக் காலையிலேயே நீயும் கொஞ்சம் முயன்று பார்க்கலாம். முடிந்தால் அவரிடமே போய் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேள். வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.

வியந்தவரை உள்ளபடி பார்ப்பதையும் சாமிநாதையரிடமே கற்கலாம். எண்பதை நெருங்கும் வயதில், ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, அவர் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். பக்தியோடுதான் எழுதினார். ஆனாலும் அந்த மகாவித்துவான் பணமில்லாமல் கடன்பட்டுத் தவித்ததை அவர் மறைக்கவில்லை. நூலகத்தில் தேடி எடுத்துப் படி. அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிடாதே.