எட்டுக் கத்தி

2020 ஜனவரியில் ஒரு இரவு. ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’டில் அடுத்து யார் வரப்போகிறார்கள் என்ற அறிவிப்பை அண்ணனும் நானும் ஒரே ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பைலெத் வந்து நின்றதும் அண்ணன் எழுந்துவிட்டான். “திரும்பவும் ஃபயர் எம்பளமா? இதோட எட்டுடா. எட்டுப் பேரு, எட்டுக் கத்தி!”

நிண்டெண்டோ தன் விளையாட்டுத் தொடர்களின் நாயகர்களை ஒரே அரங்கில் மோதவிடுவதுதான் ஸ்மாஷ். 1999இல் 12 பேரோடு தொடங்கியது. 2018இல் வெளிவந்த அல்டிமேட், பின்னால் சேர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்தால் 89 பேர். இத்தனை கூட்டத்தில், அண்ணன் உயிரை விடும் எஃப்-ஜீரோ கார்ப் பந்தயத் தொடருக்குக் கிடைத்தது ஒரே இடம்: கேப்டன் ஃபால்கன்.

“முதல் ஆட்டத்துலேர்ந்து இருக்கோம். எங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு எட்டா?”

நான் எதிர்க்கட்சி. “2001ல மெலீ வந்தப்போ ஜப்பானுக்கு வெளியே ஒரு ஃபயர் எம்பளம்கூட வந்ததில்ல. மார்த்தும் ராயும் இங்க வந்து நின்னதாலதான் வெளியுலகத்துக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது.”

“சரி, வாசல் திறந்துச்சு. அதுக்காக ஊரே குடிவரணுமா?”

பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுடைய கணக்கு எனக்கு இடறத் தொடங்கியது. ஃபால்கன் தன் சொந்த விளையாட்டில் கார் ஓட்டுபவர். அந்த நெருப்புக் குத்து ஸ்மாஷ் அவருக்காகக் கண்டுபிடித்தது. செல்டா தொடருக்கு ஆறு இடம், அதில் மூன்று பேர் லிங்க். எண்ணிக்கையில் பணக்காரர்கள்தான். ஆனால் அதே தொடரின் கானன்டார்ஃப், அத்தனை பெரிய மந்திரவாதி, மெலீயிலிருந்து ஃபால்கனின் அடிகளைத்தான் கொஞ்சம் மெதுவாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். இடம் கிடைத்தது, உடம்பு இரவல்.

இன்னொரு பக்கம் மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச். 1980இல் தொடங்கிய கையடக்க விளையாட்டுகளின் கறுப்பு நிழலுருவம். இவரும் ஒற்றை ஆள்தான். ஆனால் சட்டியிலிருந்து உணவைத் தூக்கி எறிவது ஒரு விளையாட்டு, எண்ணெய் வாளி இன்னொன்று, சுத்தியலோடு எண் காட்டுவது வேறொன்று. பழைய எல்சிடி திரையில் போலவே விட்டுவிட்டு நகர்கிறார். ஒரு ஆளுக்குள் ஒரு காலமே இருக்கிறது. இவர் பக்கத்தில் எட்டுக் கத்தியை வைத்து எப்படி எடை போடுவது?

இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பான். “ஒரே இடத்துல ஒழுங்கா இருக்கலாம்னு சொல்றது, நிறைய இடம் வச்சிருக்கிறவனுக்கு ரொம்ப வசதிடா.” அதுவும் சரிதான். அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் இன்னும் போக முடியவில்லை.

அவன் இப்போது வேலைக்காக வேறு ஊரில். விடுமுறைக்கு வந்தால் அவன் ஃபால்கன், நான் லூகாஸ். லூகாஸின் ‘மதர் 3’ 2006இல் ஜப்பானில் வெளிவந்தது. அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வரவேயில்லை. ஸ்மாஷ் இல்லையென்றால் அப்படி ஒரு பையன் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அவனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு, கிளாஸ். அவனைத் தொலைப்பதுதான் அந்தக் கதையின் வலி என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

அரங்கில் லூகாஸ் தனியாகத்தான் இறங்குகிறான். இன்னொரு இடம் கேட்கலாமென்றால் நான் அதைத்தான் கேட்பேன். அண்ணனிடம் இதை இதுவரை சொன்னதில்லை. சொன்னால் உடனே எண்ண ஆரம்பித்துவிடுவான்.