பிசானம் அறுத்தாச்சு, அப்புறம்?

உழாம விதைக்கணும், மண்ணை மூடிவைக்கணும்னு சொன்னாலே நம்மாளுங்க ஜப்பான் ஃபுகோகாவைத்தான் இழுப்பாங்க. அவரு பெரிய ஆளுதான், மறுக்கல. ஆனா நெல்வயல்ல உழாமலே உளுந்து விதைக்கிறது நம்ம ஊர்லயும் உள்ளதுதான். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முந்தி, மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கையிலேயே நெல்லுக்குள்ள தூவிவிடணும். மிச்ச ஈரத்துலயும் பனியிலயுமே வளர்ந்துடும். அறுப்பு மிஷின் மட்டும்தான் வில்லன். முளைச்சதை நசுக்கிடும்.

இன்னொரு ஆளு கொழிஞ்சி. வறட்சி தாங்கும், ஆடு மாடு அவ்வளவா வாய் வைக்காது, ஒரு தடவை விதைச்சா உதிர்ந்த விதையே அடுத்தடுத்த வருசமும் முளைக்கும். தோல் கெட்டி, மணலோட தேய்ச்சு விதைக்கணும். தக்கைப்பூண்டு இன்னும் வேகமா வளரும், ஆனா கோடையில அதுக்குத் தண்ணிக்கு எங்க போக?

"மண்ணுக்கு எதுலே நல்லது?"ன்னு கேட்டாரு எங்க அண்ணாச்சி. கொழிஞ்சின்னேன். "குத்தகைக்காரன் அதைப் போட்டா வயித்துக்கு என்ன செய்வான்? அடுத்த வருசம் வயல் அவன்கிட்ட இருக்குமா?"ன்னாரு. நியாயம்தானே! உளுந்து இந்த வருசமே காசு. கொழிஞ்சி பலன் நிலத்துக்காரருக்கு.

அதனால என் கட்சி இதுதான்: சொந்த வயல்னா கொழிஞ்சி, குத்தகைன்னா உளுந்து. காயைப் பறிச்சிட்டுச் செடியை வயல்லயே விட்டுடுங்க. கார் நடவுக்குச் சேறடிச்சுத்தான் ஆகணும். அதுவரைக்குமாவது கலப்பை சும்மா கிடக்கட்டுமே.