கேட்டதுக்கு மட்டும் பதில்

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாத.”

ஏழு வயதில் அம்மா எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது. 1996, யாழ்ப்பாணம். இடம்பெயர்ந்து போயிருந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது சந்திக்குச் சந்தி சென்ரி முளைத்திருந்தது. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். எங்கேயிருந்து வருகிறாய்? வீட்டிலிருந்து. எங்கே போகிறாய்? பள்ளிக்கூடத்துக்கு. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. கூடச் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். அந்தக் கேள்வியிலிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

இருபத்துமூன்று வருடம் கழித்து ஸ்காபரோவில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தன் முதற்பெயரை மட்டும் சொன்ன ஒரு பெண், நாளும் இடமும் தந்தார். படம் உள்ள அடையாள அட்டை ஒன்று கொண்டுவரச் சொன்னார். இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகலாம் என்றார். நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒட்டாவாவில் மத்திய அரசின் திணைக்களம் ஒன்றில் தரவுகளோடு மாரடிக்கிற வேலை கிடைத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ‘மிக இரகசியம்’ என்ற மட்டத்துக்கான பாதுகாப்பு அனுமதி வேண்டும். விரல் ரேகை எடுப்பார்கள், கடன் வரலாறு பார்ப்பார்கள், தேவையென்றால் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார்கள். கனடியப் பாதுகாப்பு உளவுச் சேவை விசாரித்து ஆலோசனைதான் சொல்லும். தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வேலை தருகிற திணைக்களத்தின் தலைமை. 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த மதிப்பீட்டுக்கு இரண்டு சொற்களே அடிப்படை. ஒன்று கனடாவுக்கான விசுவாசம். மற்றது, அந்த விசுவாசம் தொடர்பாக ஆள் எவ்வளவு நம்பகமானவர் என்பது.

இதற்கான படிவத்தை நான் ஏழு மாதம் முன்பே நிரப்பி அனுப்பியிருந்தேன். பத்து வருட விலாசங்கள், வேலைகள், பயணங்கள் எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. உறவினர் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். பெற்றோர், கூடப்பிறந்தோர், ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இப்போதைய விலாசம். இறந்தவரென்றால் இறந்த திகதி.

அப்பா 2014 இல் போனவர். எழுதிவிட்டேன். அடுத்தது அண்ணா.

அண்ணா 1977 இல் பிறந்தவர். 1996 ஆடி மாதம் ரியூசனுக்கு என்று சைக்கிளில் போனவர். சென்ரியில் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அந்த வருட நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் அப்படிக் காணாமல்போனவர்கள் நூற்றுக்கணக்கில். அவருக்கு விலாசமும் இல்லை, இறந்த திகதியும் இல்லை. இரண்டில் ஒன்று இருக்கும் என்று நினைத்துச் செய்த பெட்டி அது.

அம்மாவிடம் கேட்டேன்.

“எங்கட விலாசத்தைப் போடு. வந்தால் இஞ்சதானே வருவான்” என்றார்.

“அப்பிடிப் போடேலாதம்மா. அது பொய்யாப் போயிடும்.”

“அப்ப செத்தது எண்டு போடுறதோ உண்மை?”

இலங்கையில் 2016 இல் வந்த சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிறவர்களுக்கு, ஆளைக் காணவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று கொடுக்கிறார்கள். அம்மா அதையும் எடுக்கவில்லை. 2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கியபோது, அந்தப் படங்களை ரெலிபோனில் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். “இவவைத் தெரியும். செஞ்சிலுவைக் கந்தோர் வாசலில கண்டனான்” என்பார்.

கடைசியில் அந்தப் பெட்டிக்குள் ‘1996 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர், விலாசம் தெரியாது’ என்று எழுதினேன். எழுத்தைச் சின்னதாக்கித்தான் உள்ளே அடக்க முடிந்தது.

நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருந்தது. ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற மாதிரி ஒரு கொப்பி வாங்கினேன். என்னென்ன கேட்கலாம் என்று ஒரு பக்கம், பதில் மறுபக்கம். கடன் இருக்கிறதா? மாணவர் கடன், கட்டிக்கொண்டிருக்கிறேன். கஞ்சா? இரண்டு முறை, பல்கலைக்கழகத்தில். வெளிநாட்டு நண்பர்கள்? இதுவரைக்கும் சுகம்.

பிறகு கஷ்டமான பக்கங்கள். விடுதலைப் புலிகளைக் கனடா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது 2006 ஏப்ரலில். அதற்கு முதல் அப்பா காசு கொடுத்தவரா? கொடுத்தவர். கதவைத் தட்டி வந்தவர்களுக்கு, ரசீதோடும் ரசீது இல்லாமலும். விரும்பிக் கொடுத்தாரா, பயந்து கொடுத்தாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். 2009 மே 10, கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தபோது நீ அங்கே இருந்தாயா? இருந்தேன். அம்மாவும் இருந்தவர். அன்றைக்கு அன்னையர் தினம்.

எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாப் பதிலும் ஒரே மாதிரி இருந்தது. ஆம். இல்லை. தெரியாது. ஒற்றைச் சொல். முப்பது வயதிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நின்றேன்.

இதே அனுமதியைச் சில வருடம் முன் எடுத்த சிநேகிதி ஒருத்தி கொப்பியைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். “பாடமாக்காத. உன்ர வாழ்க்கையில நடந்ததெல்லாம் அவைக்குப் பிரச்சினையில்லை. நீ எதை ஒளிக்கிறாய், அதை வைச்சு உன்னை ஆரும் வெருட்டலாமோ, அதுதான் பிரச்சினை. கேட்டதைச் சொல்லு, ஏன் எண்டும் சொல்லு.”

ஏன் என்றும் சொல்வது. எங்கள் வீட்டில் யாரும் பழகாத பழக்கம் அது.

அதனால் அம்மாவைப் பிடித்து இருத்தினேன். குசினி மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா அதிகாரி, இந்தப் பக்கம் நான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

“உங்கட பேர் என்ன?”

“அம்மா, அது அவைக்குத் தெரியும்.”

“தெரிஞ்சாலும் கேப்பினம். அதுதானே அவையின்ர வேலை.”

சிரித்தோம். பேர் சொன்னேன். ஊர் சொன்னேன். கொப்பியைப் பார்த்துப் பார்த்து அம்மா கேள்வி கேட்டார். இடையில் தேத்தண்ணி குடித்தோம். அண்ணாவின் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார். நானே வாசித்தேன்.

“உங்கள் சகோதரருக்கு இயக்கத்தோடு தொடர்பு இருந்ததா?” பதிலையும் நானே சொன்னேன். “இல்லை. அவர் படித்துக்கொண்டிருந்தவர்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“அவன் போனவன் பிள்ளை.”

“எங்க?”

“இயக்கத்துக்கு. தொண்ணூற்றி மூண்டில. பதினாறு வயசு. எட்டு மாசம் இருந்தவன். நான் கிழமைக்குக் கிழமை போய் அவையின்ர வாசலில இருந்தனான். பிறகு மஞ்சட்காமாலை வந்து, கொண்டுவந்து விட்டவை. அதுக்குப் பிறகு அவன் போகேல்லை.”

எனக்கு அப்போது நான்கு வயது. அண்ணா மாமா வீட்டில் நின்று படித்தார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். மஞ்சள் கண்ணோடு வந்து திண்ணையில் படுத்திருந்த அண்ணா மட்டும் நினைவில் இருக்கிறார்.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“நீ சின்னப் பிள்ளை. சென்ரியில கேட்டால் சொல்லிப்போடுவாய்.”

“இப்ப எனக்கு முப்பது வயசு.”

“ஆரும் கேக்கேல்லையே” என்றார் அம்மா.

அன்றிரவு நித்திரை வரவில்லை. இது தெரியாமலே நான் போயிருக்கலாம். ‘இல்லை’ என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்கூட இல்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது தெரிந்துவிட்டது. சொன்னால் இந்த வேலை போகலாம். சொல்லாமல் விட்டால், ஒரு காலம் அம்மா அண்ணாவைக் காப்பாற்றச் செய்ததை நான் சம்பளத்துக்காகச் செய்கிறேன். இன்னொன்றும் உறுத்தியது. சொன்னால், மறித்தவர்களின் பக்கம் நியாயம் சேர்த்துவிடுவேனா? ‘ஓ, அப்போ அதனால்தான்’ என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நினைப்பாரா? பதினாறு வயதில் எட்டு மாதம் எங்கே இருந்தாலும், பத்தொன்பது வயதில் ரியூசனுக்குப் போனவனைக் காணாமல் ஆக்க அது காரணமாகாது. இதை ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாது.

காலையில் அம்மாவிடம் கேட்டேன், “சொல்லட்டோ?”

சட்டியில் தோசை. திரும்பாமலே சொன்னார். “சொல்லு. திரும்பி வந்தவன் எண்டும் சொல்லு.”

கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

சின்ன அறை, ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அந்தப் பெண் கேட்டார், நான் சொன்னேன். கார்டினர் பற்றிச் சொன்னேன், அப்பாவின் ரசீதுகள் பற்றிச் சொன்னேன். அண்ணாவின் பெட்டிக்குள் சின்னதாக எழுதியதை விரலால் காட்டி “இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்றபோது, எட்டு மாதத்தையும் மஞ்சட்காமாலையையும் ஆடி மாதத்தையும் வரிசையாகச் சொன்னேன். இது எனக்கே மூன்று கிழமைக்குள்தான் தெரியும் என்றும் சொன்னேன். நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தார். சென்ரியில் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. கிழமைக் கணக்கில் ஒத்திகை பார்த்தும், இதற்கு மட்டும் நான் தயாராக இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றார். வேலை கிடைக்குமா, என்ன சொன்னார்கள், எதுவும் கேட்கவில்லை.

“அண்ணான்ர பேரை எழுதினவையோ?”

“ஓம் அம்மா.”

“எழுத்துப் பிழை இல்லாமல்?”

அந்தப் பெண் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கேட்டது நினைவுக்கு வந்தது.

“பிழை இல்லாமல்” என்றேன்.