வாசிக்காதவரின் சிபாரிசு

2000-களின் பிற்பகுதியில் வலைப்பூ வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, இறந்துபோன தாத்தாவைப் பற்றி எழுதியிருப்பீர்கள். காலையில் ஆவலாகத் திறந்தால் ஒரு பின்னூட்டம்: ‘நைஸ் போஸ்ட், வெரி யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்.’ எழுதியவர் பெயரைச் சொடுக்கினால் எங்கோ வெளிநாட்டில் கடன் கொடுக்கிற கம்பெனியின் தளம் திறக்கும்.

எழுதியது ஒரு நிரல். அதற்குத் தமிழும் தெரியாது, தாத்தாவும் தெரியாது. உங்கள் பக்கத்திலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு லிங்க் வேண்டும், அவ்வளவுதான்.

லிங்க்குக்கு ஏன் அவ்வளவு மவுசு? 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் ‘பேஜ்ரேங்க்’ என்ற கணக்கை முன்வைத்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பாதே, அதை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவர்களுக்கு என்ன மதிப்பு என்று பார். ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள்களின் எண்ணிக்கையால் எடைபோடும் பழைய வழக்கத்திலிருந்து வந்த யோசனை. நாம் புத்தகம் தேடுவதும் இப்படித்தானே? நமக்குப் பிடித்த எழுத்தாளர் போகிற போக்கில் ஒரு பெயரைச் சொல்வார். மறுநாள் அதைத் தேடி அலைவோம்.

சொன்னவர் அதை வாசித்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அலைகிறோம். கணக்கால் அதைச் சரிபார்க்க முடியவில்லை. அந்த ஓட்டைக்குள் ஒரு தொழிலே புகுந்தது.

தானியங்கி முறையில், பின்னூட்டத்துக்கு ஒரு வாக்கியச் சட்டகம் இருக்கும். ‘நல்ல’ வருகிற இடத்தில் அருமையான, சிறந்த, பயனுள்ள என்று மாற்றுச் சொற்கள். பத்து இடங்கள், இடத்துக்கு ஐந்து சொற்கள் என்றால் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள் கிடைக்கும். எதையும் யாரும் வாசித்திருக்க வேண்டியதில்லை. 2005 ஜனவரியில் கூகுள் ‘நோஃபாலோ’ கொண்டுவந்தது. அந்தக் குறி போட்ட லிங்க்குக்கு அப்போது மதிப்பெண் கிடையாது. பின்னூட்டங்களுக்கெல்லாம் அதைப் போட்டார்கள். நிரல்கள் நிற்கவே இல்லை. அடுத்த பின்னூட்டத்துக்குச் செலவே இல்லாதபோது எதற்கு நிற்க வேண்டும்? பலர் பின்னூட்டப் பெட்டியையே மூடினார்கள். நிஜமாக வாசித்துவிட்டு இரண்டு வரி எழுத வந்தவரும் வாசலோடு திரும்பிப்போனார்.

கையால் செய்கிற முறையை என் முதல் வேலையில் பார்த்தேன். சென்னையில் சின்ன கம்பெனி. எனக்கு அடுத்த வரிசையில் லிங்க் பில்டிங் டீம். அதில் ஓர் அக்கா, தோட்டக் கருவிகள் விற்கும் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகத் தளம் தளமாகத் தேடுவார். எங்காவது செத்துப்போன லிங்க் இருந்தால் அந்தத் தளத்துக்காரருக்கு, “உங்கள் பக்கத்தில் இது திறக்கவில்லை, இதற்குப் பதில் இதைப் பாருங்களேன்” என்று மெயில் போடுவார். மேனேஜர் கேட்ட கணக்கு நாளைக்கு ஐம்பது மெயில். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரே மெயிலில் பெயரை மட்டும் மாற்றி மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்கள். அக்காவுக்குப் பதினைந்தைத் தாண்டாது. “படிக்காம எப்படி தம்பி எழுதறது?” என்பார். கையால் செய்கிறோம் என்று அந்த டீமே சொல்லிக்கொண்டது. ஆனால் அங்கே பாதிக்கு மேல் ஆட்களை வைத்து ஓட்டிய எந்திரம்தான்.

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தை வெளியிட்டது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் தேடலில் சரிந்தன. பயந்துபோன வாடிக்கையாளர்கள் எல்லா லிங்க்கையும் எடுக்கச் சொன்னார்கள். அதே டீம் அதே ஆட்களுக்கு, தயவுசெய்து லிங்க்கை நீக்குங்கள் என்று எழுத ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை வைத்த வீட்டுக்கே போய் அதைத் திருப்பிக் கேட்கிற மாதிரி.

நிரல் போட்ட லிங்க்குகளுக்குப் பதிலே வரவில்லை. அந்தப் பக்கங்களில் ஆளே இல்லை. அக்காவின் மெயில்களுக்குப் பதில் வந்தது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: “நன்றாக இருந்தது, அதனால் போட்டேன். ஏன் எடுக்க வேண்டும்?”

அக்கா அந்த மெயிலை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினார். “இதை எடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன் சார்.” கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. அந்த லிங்க் பட்டியலிலிருந்து நீங்கியது. தளத்தில் அப்படியே இருந்தது.

கையா எந்திரமா என்று இப்போதும் யாராவது கேட்டால் எனக்கு அந்த ஆசிரியர்தான் ஞாபகம் வருவார். தான் போட்ட லிங்க்குக்கு அவர் பொறுப்பு. கருவி மட்டமாக இருந்தால் வெட்கப்படப்போவது அவர். சிபாரிசின் விலை அந்த வெட்கம்தான்.

இன்றைக்கு வரும் மெயில்கள் ‘உங்கள் கட்டுரையின் மூன்றாவது பத்தி என்னை உலுக்கியது’ என்று சரியாகவே சொல்கின்றன. மொழி மாதிரிகள் எழுதுகின்றன. வாசித்த மாதிரி காட்டுவதற்கு ஆகும் செலவும் இப்போது கிட்டத்தட்ட பூஜ்யம்.

எனக்கு நிரல் மேல் கோபமில்லை, சோறு போடுவதே அதுதான். என் பழைய கட்டுரைகளில் எந்த லிங்க் செத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஓடும். போன மாதம் பதினொன்று செத்திருந்தன. பதிலாக எதைப் போடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்தேன். நான்குக்குத்தான் கிடைத்தது.