பெயரற்ற கருவி

அச்சுப்பொறியில் பச்சை விளக்கு எரிகிறது. கணினியோ அது இணைப்பில் இல்லை என்று சாதிக்கிறது. இரண்டும் பொய் சொல்வதில்லை. வீட்டு ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரியைத் தவணைக்குத்தான் வழங்குகிறது. மின்சாரம் போய்த் திரும்பியபின் அச்சுப்பொறிக்கு வேறு முகவரி வாய்க்கலாம். கணினி பழைய வாசலிலேயே நின்று தட்டிக்கொண்டிருக்கும்.

சென்ற மாதம் புதிய முகவரியைத் தேடி ரௌட்டரின் பட்டியலைத் திறந்தேன். 11 கருவிகள் இருந்தன. ஒன்றுக்குப் பெயரே இல்லை. "அடுத்த வீட்டுப் பையனுடையதாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒரு குரல் எழுந்தது. கடவுச்சொல்லை எப்போதோ அவனுக்குத் தந்திருந்தோம் என்பது உண்மை.

எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 குறிகளாலான மேக் முகவரியில் முதல் ஆறு குறிகள் பொதுவாகத் தயாரித்த நிறுவனத்தைச் சுட்டும். அச்சுப்பொறியை அப்படித்தான் அடையாளம் கண்டேன். பெயரற்றதன் இரண்டாவது குறியோ 'ஈ'. அவ்விடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் கைப்பேசி தானே புனைந்துகொண்ட முகவரி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், பின்தொடர்வோரிடமிருந்து தப்புவதற்காகக் கைப்பேசிகள் இவ்வாறு முகம் மறைக்கின்றன.

வீட்டுக் கைப்பேசிகளின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பட்டியலைப் பார்த்தோம். மூன்றாவதை அணைத்ததும் பெயரற்றது மறைந்தது. அது பையனைச் சுட்டிய குரலுக்கு உரியவரின் கைப்பேசி.

அச்சுப்பொறிக்கு ரௌட்டரில் நிலையான முகவரி ஒதுக்கி, கணினியில் மீண்டும் சேர்த்தேன், தாள் வந்தது. பிறகு 11 கருவிகளுக்கும் பெயர் எழுதினேன். பெயர் தெரியாதது ஒன்று வீட்டுக்குள் இருக்கும்வரை, பழி சுமக்க வெளியே ஒருவன் தேவைப்படுகிறான்.